டோக்கியோவில் இரவு ஏழு மணிக்கு மேல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜப்பான் பயணம் பற்றி எழுதியபோது, "சாயங்காலத்தில் ஏழெட்டுப் பேரை ஒரு வழிகாட்டி உள்ளூர் பார்களுக்குக் கூட்டிப்போகும் சின்ன டூர்கள் இருக்கின்றன, ஒருமுறை போய்ப் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கோயில், புல்லட் ரயில், ஃபுஜி மலை பற்றிப் பத்தி பத்தியாக எழுதியதற்கு ஒரு கடிதம்கூட வரவில்லை, அந்த ஒரு வரிக்கு வந்தவற்றில் இந்தப் பக்கங்கள் நிரம்பிவிட்டன. பாதிப் பேர் "பெயர் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்கள். சரி, யாருக்குமே பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

திருப்பூர்: பனியன் ஆர்டர் விஷயமாக டோக்கியோ போகிறேன். மூன்று மணி நேரம், மூன்று கடை, ஆளுக்கு 12,000 யென் என்று ஒரு டூர் கண்ணில் பட்டது. நம் காசில் ஆறேழாயிரம் ரூபாய் வருகிறது. அந்தக் காசுக்கு நானே போய் நன்றாகக் குடித்துவிட்டு வரலாமே, நடுவில் ஒரு ஆள் எதற்கு?

பதில்: குடிப்பதுதான் நோக்கம் என்றால் டூர் வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஊர் முழுக்கக் கிளை வைத்திருக்கும் பெரிய இசகாயாக்கள் (நம் ஊர் பாரும் ஓட்டலும் சேர்ந்த மாதிரி இடம்) இருக்கும், மேஜையிலேயே தொடுதிரை, படத்தைப் பார்த்து ஆர்டர் செய்யலாம். நோமிஹோதாய் என்று ஒரு ஏற்பாடும் உண்டு, ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளலாம், விலை ஒன்றுதான். பாதிக் காசில் வேலை முடிந்துவிடும்.

டூரில் கூட்டிப்போகும் கடைகள் வேறு ரகம். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஹனசோனோ கோயிலை ஒட்டி கோல்டன் காய் என்று ஓர் இடம் இருக்கிறது. ஆறே சந்துகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம், அதற்குள் 200-க்கும் மேற்பட்ட பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் முதல் பத்துப் பேர் வரை உட்காரலாம், அவ்வளவுதான். கீழே ஒருவர் கடை, ஏணி மாதிரிச் செங்குத்தான படியில் ஏறினால் மேலே வேறொருவர் கடை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கள்ளச்சந்தையாக ஆரம்பித்து, அப்புறம் விபச்சாரத்துக்குப் பேர்போன இடமாகி, 1958-ல் தடைச் சட்டம் முழுதாக அமலுக்கு வந்த பிறகு குட்டி பார்களாக மாறிய வட்டாரம் அது. எழுத்தாளர்கள், பத்திரிகைக்காரர்கள், நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து சண்டை போட்ட இடம். 1980-களில் டோக்கியோவின் நில விலை கண்டபடி ஏறியபோது இதையும் வளைத்துப்போடப் பார்த்தார்கள், யாராவது தீ வைத்துவிடுவார்களோ என்று ஆட்கள் முறைவைத்து ராத்திரிக் காவல் இருந்துதான் இடம் தப்பியது.

இப்படி ஆறு நாற்காலி போட்ட கடைக்குள் தெரியாத ஆள், அதுவும் மொழி தெரியாத ஆள், திடீரென்று தலையை நீட்டினால் என்ன ஆகும்? கடை நடத்துபவர் ஒற்றை ஆள். வருகிறவர்கள் பத்துப் பதினைந்து வருட வாடிக்கை. புதிதாக வந்த ஒருவர் சத்தம் போட்டால் மற்ற ஐந்து பேருடைய சாயங்காலமும் போச்சு. அதனால் முகத்தைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டிவிடும் கடைகளும் இருக்கின்றன, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. வழிகாட்டி இங்கேதான் உதவுகிறார். இத்தனை மணிக்கு இத்தனை பேர் வருகிறோம் என்று முன்பே சொல்லிவைத்திருப்பார், கடைக்காரருக்கு அவரைப் பல காலமாகத் தெரியும், நீங்கள் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்பதை அவர்களுக்கும் பக்கத்து நாற்காலிக்காரர் உங்களிடம் கேட்பதை உங்களுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த அறிமுகத்துக்குத்தான்.

என் யோசனை ஒன்றே ஒன்று. இந்த டூரைப் பயணத்தின் முதல் இரவிலோ இரண்டாவது இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். எப்படி நுழைவது, எங்கே பையை வைப்பது, எப்போது எழுந்திருப்பது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மிச்ச இரவுகளுக்கு யாரும் தேவையில்லை. எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் முந்தைய இரவு போகிறவர்கள் காசைக் கொட்டிப் பாடம் படித்துவிட்டுப் பரீட்சை எழுதாமல் விமானம் ஏறுகிறார்கள்.

கோயம்புத்தூர்: தேடினால் ஐம்பது டூர் வருகிறது. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். எதை எடுப்பது?

பதில்: நட்சத்திரத்தை விடுங்கள், தலைக்கணக்கைப் பாருங்கள். முப்பது நாற்பது பேரை மந்தையாக ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்திலும் ஆளுக்கு ஒரு ஷாட் ஊற்றும் "பார் க்ரால்" என்று ஒன்று இருக்கிறது, அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள், போகும் இடங்களும் வெளிநாட்டுக்காரர்களுக்காக நடப்பவை, வயசு இருபத்தைந்து என்றால் ஜாலியாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். எட்டுப் பேருக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்றால் கோல்டன் காய் கடை எதிலும் சேர்ந்து உட்கார முடியாது, இரண்டு கடையாகப் பிரித்து உட்காரவைத்துவிட்டு வழிகாட்டி ஒரு பாதியோடு போய்விடுவார், மறுபாதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது, விலையில் எது அடக்கம். "மூன்று கடை" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு முதல் கடையின் முதல் கிளாஸ் மட்டும் இலவசம் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கலாம். இருக்கைக் கட்டணம் அடக்கமா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டி விஷயத்தில் ஒரு சின்ன வரலாறு. ஜப்பானில் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மொழியில் வழிகாட்ட வேண்டுமானால் அரசுத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியாக வேண்டும் என்று ரொம்ப காலம் சட்டம் இருந்தது. 2018 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள், இப்போது யாரும் செய்யலாம். இதனால் அரைகுறை ஆட்களும் வந்தார்கள், அதே சந்தில் வாரா வாரம் உட்கார்ந்து குடிக்கிற நல்ல ஆட்களும் வந்தார்கள். கோயிலுக்குப் போவதென்றால் நான் உரிமம் உள்ளவரைத்தான் தேடுவேன். பாருக்கு, அந்தச் சந்துக்காரர்தான் வேண்டும். விமர்சனங்களைப் படிக்கும்போது, வந்தவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு கடைகளைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அந்த ஆளுக்குப் பல கடைகளில் பழக்கம் இருக்கிறது. எல்லோரும் ஒரே சிவப்பு லாந்தருக்கு முன்னால் நின்று ஒரே படம் போட்டிருந்தால் கமிஷன் கடை என்று சந்தேகப்படலாம்.

இன்னொன்று, சந்திக்கும் இடம். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள், கிழக்கு வாசல் வேறு, மத்திய கிழக்கு வாசல் வேறு. அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். குழு கிளம்பிவிட்டால் அந்தச் சந்துகளுக்குள் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம்.

நாகர்கோவில்: எனக்கு ஊர் சுற்றப் பிடிக்கும், ஆனால் குடிப்பதில்லை. இந்த மாதிரி இடத்துக்குப் போனால் கேலி செய்வார்களா?

பதில்: மாட்டார்கள். அங்கேயும் குடிக்காதவர்கள், குடித்தால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர், ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்துவிடுகிறவர்களும் பலர், யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் ஆளுக்கு ஒன்றாவது வாங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம், ஆறு நாற்காலிக் கடையில் ஒரு நாற்காலியை ஓசியில் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஊலோங் தேநீர் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் இருக்கும், குளிர்ச்சியாகப் பெரிய கிளாஸில் வரும். கேட்கும்போது மட்டும் கவனம்: "ஊலோங் சா" என்றால் வெறும் தேநீர், "ஊலோங் ஹாய்" என்றால் அதே தேநீரில் ஷோச்சு என்ற சாராயம் கலந்தது. நிறம் ஒன்று, கிளாஸ் ஒன்று, முதல் வாய் குடித்த பிறகுதான் தெரியும். ஆல்கஹால் இல்லாத பியரும் பெரும்பாலும் கிடைக்கும். சில டூர்களில் குடிக்காதவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், பதிவு செய்யும்போதே கேளுங்கள். எல்லோரும் "கன்பாய்" (நம் சியர்ஸ்) சொல்லும்போது நீங்களும் கிளாஸைத் தூக்கினால் போதும், மேற்கொண்டு எந்தச் சடங்கும் இல்லை.

புகைதான் தொந்தரவு. 2020 ஏப்ரலிலிருந்து உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை என்றாலும், டோக்கியோவில் வேலையாள் வைக்காமல் முதலாளி மட்டும் நடத்தும் சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. கோல்டன் காய் மாதிரி இடங்களில் அப்படிப்பட்ட கடைகள்தான் அதிகம். ஆஸ்துமா இருந்தால் டூர்காரரிடம் முன்பே சொல்லிப் புகையில்லாத கடையாகக் கேளுங்கள், கிடைக்கும்.

கும்பகோணம்: நானும் மனைவியும் சுத்த சைவம். பியர் மட்டும் சாப்பிடுவேன். பார் டூரில் எங்களுக்குச் சைடிஷ் ஏதாவது தேறுமா?

பதில்: பூசி மெழுகாமல் சொல்கிறேன், கஷ்டம். கறி, மீன் கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் சிக்கல். அவர்கள் சமையலின் அடிப்படை தாஷி என்ற சாறு, பெரும்பாலும் உலர்ந்த போனிட்டோ மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. சூப், குழம்பு, தோஃபு மேல் ஊற்றும் திரவம், காய்கறி வேகவைக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் அது இருக்கும். வழிகாட்டியே "இதில் மீன் இல்லை" என்று நல்ல மனசோடு சொல்லுவார், தாஷி அவருக்கு மீன் கணக்கில் வராது. அதனால் "சைவம்" என்று மட்டும் எழுதாமல் "மீன் சாறு, மீன் சீவல்கூட வேண்டாம்" என்று எழுதுங்கள்.

தேறுவது என்ன என்றால், உப்புப் போட்ட எடமாமே (சோயா மொச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள், பியருக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை), வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு வறுவல், உப்பு தூவிச் சுட்ட ஷிஷிதோ மிளகாய், சில ஊறுகாய் வகைகள், ஹியயாக்கோ என்ற குளிர்ந்த தோஃபு. கடைசியில் சொன்னதன் மேல் மீன் சீவல் தூவித்தான் தருவார்கள், முன்கூட்டியே வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். சுடும் அடுப்பு பொதுவானது, கோழியும் மிளகாயும் ஒரே கம்பியில்தான் வேகும், அது மனசுக்கு ஒப்பாது என்றால் சுட்ட ஐட்டங்களையும் கழித்துவிடுங்கள்.

ஒமோய்தே யோகோச்சோ என்ற சந்துக்குக் கூட்டிப்போகும் டூரை எடுக்காதீர்கள். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கும் அந்த இடமும் போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தைதான், பொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டுப்பாட்டுக்குள் வராத குடல், ஈரல், இதயம் எல்லாவற்றையும் சுட்டு விற்றுப் பிழைத்தார்கள், இன்றைக்கும் அதுதான் அங்கே விசேஷம். அசைவக்காரர்களுக்குச் சொர்க்கம். உங்களுக்குப் புகையும் வாடையும்தான் மிஞ்சும். ஹோட்டலிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பார் மட்டும் பார்க்கும் டூராக எடுங்கள்.

சேலம்: போன வருடம் டோக்கியோ போன என் நண்பன் ஒரு கடையில் ஒரு பியர்தான் கேட்டானாம். கேட்காத ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, பில்லில் 400 யென் சேர்த்துவிட்டார்களாம். ஜப்பானிலும் ஏமாற்று உண்டா?

பதில்: உங்கள் நண்பரை யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் கிண்ணத்துக்கு ஒத்தோஷி என்று பெயர். உட்கார்ந்ததும் வரும், உள்ளூர்க்காரருக்கும் வரும், 300 முதல் 500 யென் வரை இருக்கும், உட்கார்ந்ததற்கான கட்டணத்தை ஒரு வாய்த் தீனியோடு கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டன் காய் பார்களில் அதுவே இருக்கைக் கட்டணமாகி 500-லிருந்து 1,500 யென் வரைகூடப் போகும். ஆறு பேர் மட்டும் உட்காரும் கடை வாடகை கட்ட வேறு வழி இல்லை. கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள், ஆங்கிலத்திலும் இருக்கும், கட்டணமே இல்லை என்று எழுதிய கடைகளும் உண்டு.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. கோல்டன் காய் இருப்பதே கபுகிச்சோ என்ற இரவுக் கேளிக்கை வட்டாரத்தில்தான், அங்கே தெருவில் நின்று "வாங்க சார், ஒரு மணி நேரம் 3,000 யென், பொண்ணுங்க இருக்காங்க" என்று கையைப் பிடித்து இழுப்பவர்களுக்குப் பின்னால் போனால் பில் லட்சம் யென்னைத் தாண்டும், கதவுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள், ஏடிஎம் வரைக்கும் கூடவே வருவார்கள். இப்படிக் கூப்பிடுவதே சட்டப்படி குற்றம், அவர்களை நம்பாதீர்கள் என்று தெருவில் ஒலிபெருக்கி வைத்து ஓயாமல் அறிவிக்கிறார்கள், அந்த அறிவிப்புக்கு அடியிலேயே நின்று கூப்பிடுகிறார்கள். நல்ல கடை தெருவில் ஆளைப் பிடிக்காது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சென்னை: பெண், வயது 34, தனியாகப் பயணம் செய்கிறேன். தெரியாத ஏழு பேரோடு பாருக்குப் போவது சரியா? நேராகப் பதில் சொல்லுங்கள், அறிவுரை வேண்டாம்.

பதில்: சரி, போகலாம். தனியாகப் போகிறவர்களுக்குத்தான் இந்த டூர் அதிகம் பயன்படும், குழுவில் பாதிப் பேர் உங்களைப் போலத் தனியாக வந்தவர்களாகவே இருப்பார்கள். டூர் எங்கே முடிகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் பாருங்கள். பத்து மணிக்கு ஸ்டேஷன் பக்கத்தில் முடிந்தால் உத்தமம். முடிந்த பிறகு "இன்னும் ஒரு இடம் போகலாம் வாங்க" என்று குழுவில் யாராவது நிச்சயம் கிளப்புவார்கள். போவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், வழிகாட்டியின் பொறுப்பு அதோடு முடிந்துவிட்டது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கபுகிச்சோவிலும் ரொப்போங்கி என்ற இன்னொரு கேளிக்கை வட்டாரத்திலும் பானத்தில் மருந்து கலந்து அட்டையைத் தேய்த்த சம்பவங்கள் பற்றி வெளிநாட்டுத் தூதரகங்களே எச்சரித்திருக்கின்றன, அதில் மாட்டியவர்களில் ஆண்களும் நிறைய. கிளாஸை விட்டுவிட்டுப் பாத்ரூம் போனால் திரும்பி வந்து புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ் எண் 110, ஆம்புலன்ஸ் 119, ஸ்டேஷன்களை ஒட்டிக் கோபான் என்ற சின்னப் போலீஸ் சாவடிகள் உண்டு.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு ரகத்தையும் சொல்கிறேன். ஸ்நாக் என்று அழைக்கப்படும் பார்கள். நடுவயதைத் தாண்டிய ஒரு அம்மா கவுன்டருக்குப் பின்னால் நின்று எல்லோர் கதையும் கேட்பார், கரோக்கே இருக்கும், வாடிக்கைக்காரர்கள் தங்கள் பெயர் எழுதிய பாட்டிலை அலமாரியில் விட்டுவைத்திருப்பார்கள். (அந்த அம்மாவை "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும், சிரித்துவிடாதீர்கள்.) வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கூட இருக்காது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் உள்ளூர்க்காரர்களே தயங்குவார்கள். வெளிநாட்டவரை ஸ்நாக்குக்கு மட்டும் கூட்டிப்போகும் டூர்கள் இப்போது இருக்கின்றன. கோல்டன் காய் கூட்டத்தைவிட எனக்கு இது பிடிக்கும்.

ஈரோடு: மகனுக்கு 19 வயது, எங்களோடு வருகிறான். கோலா மட்டும் குடிக்கட்டும், டூரில் சேர்க்கலாமா?

பதில்: ஜப்பானில் 2022-ல் வயதுவந்தோர் வயதை 18-ஆகக் குறைத்தார்கள், குடிக்கும் வயதை 20-லேயே விட்டுவிட்டார்கள். புகைபிடிக்க அனுமதி உள்ள கடைக்குள் 20 வயது நிரம்பாதவர்கள் கோலா குடிக்கக்கூட நுழைய முடியாது. அதனால் பெரும்பாலான டூர்கள் சேர்க்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் வயதில் ஒரு வருடம் கூட்டிச் சொல்லிச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். அவனை ராமென் கடைக்கு அனுப்புங்கள், உங்களைவிட நன்றாகச் சாப்பிடுவான்.

மதுரை: பயண வீடியோ போடுகிறேன். டூர் முழுக்க எடுத்துப் போட்டால் நல்ல வியூஸ் வருமா?

பதில்: வரும். ஆனால் எடுக்காதீர்கள். கோல்டன் காய் சந்துகளில் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்று பலகையே இருக்கிறது. கடைக்குள் உங்களுக்கு அரை முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவர் ஆபீஸில் வேறு ஏதோ சொல்லிவிட்டு வந்திருப்பார், உங்கள் சேனலில் தலைகாட்ட அவருக்கு என்ன தலையெழுத்து? கடைக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்றால் உங்கள் கிளாஸையும் தட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி: கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து போகிறோம். மொத்தமாக எங்களுக்கு மட்டும் ஒரு டூர் எடுத்தால் விலையும் குறையும், கம்பெனியும் இருக்கும் இல்லையா?

பதில்: எடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு பேரும் கடை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்காருவீர்கள், இரண்டாவது கிளாஸில் ஹாஸ்டல் கதை ஆரம்பிக்கும், மூன்றாவதில் யாராவது பாட்டுப் போடுவார்கள், வழிகாட்டி ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளே வர நினைத்த ஒரே வாடிக்கைக்காரரும் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போய்விடுவார். இதை நீங்கள் காரைக்குடியிலேயே செய்யலாம், டிக்கெட் செலவு மிச்சம்.

இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து வெவ்வேறு நாள் டூரில் சேருங்கள், மற்ற ஊர்க்காரர்களோடு கலந்து உட்காருங்கள். ஆறு பேரும் சேர்ந்து குடிக்க ஆசையாக இருந்தால் அதற்குத்தான் மேலே சொன்ன பெரிய இசகாயா இருக்கிறது, அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் பக்கத்து மேஜை அதைவிட அதிகமாகப் போடும்.

புதுச்சேரி: அங்கே போய் என்ன குடிப்பது?

பதில்: புதுச்சேரியிலிருந்து இந்தக் கேள்வியா! சரி. முதல் கிளாஸ் பியர், ஊரே அப்படித்தான் ஆரம்பிக்கிறது, உட்கார்ந்ததும் "தோரியாயேசு பீரு" என்றால் எல்லோருக்கும் ஒன்று வந்துவிடும். எல்லோர் கையிலும் கிளாஸ் வந்து கன்பாய் சொல்லும் வரை வாய் வைக்கக் கூடாது. பாட்டிலாக வாங்கினால் உங்கள் கிளாஸில் நீங்களே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார். இதில் ஒரு ஆபத்து, கிளாஸ் காலியானதும் யாராவது நிரப்பிவிடுவார்கள், எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கே தெரியாது. போதும் என்றால் கிளாஸைப் பாதியிலேயே விட்டுவையுங்கள்.

அப்புறம் ஹைபால், அதாவது விஸ்கியில் நிறைய சோடா. நம் ஆட்களுக்கு விஸ்கி பழகியது என்பதால் இது சுலபமாக இறங்கும். ஷோச்சு 25 சதவீதம் வாக்கில் இருக்கும், எலுமிச்சையும் சோடாவும் கலந்து வாங்கலாம். நான் சிபாரிசு செய்வது ஹொப்பி. 1948-ல் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது, பியர் சுவையில் 0.8 சதவீத ஆல்கஹால் மட்டும் உள்ள பானம், பியர் வாங்கக் காசில்லாத காலத்தில் அதை ஷோச்சுவில் கலந்து குடித்தார்கள். பாட்டில் தனியாக, கிளாஸில் ஷோச்சு தனியாக வரும், ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஷோச்சு தீர்ந்தால் "நாக்கா" என்றால் அது மட்டும் மறுபடி வரும். இதைக் கேட்கத் தெரிந்த வெளிநாட்டவரைக் கடைக்காரர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள்.

சாக்கே என்ற அரிசி மது 15 சதவீதம் வாக்கில் இருக்கும், தண்ணீர் மாதிரி இறங்கும், எழுந்திருக்கும்போதுதான் காலில் தெரியும். கூடவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள், இலவசம். மறுநாள் தலைவலிக்கு அந்த ஊர்க் கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் சின்ன பாட்டிலில் ஒரு பானம் விற்கிறார்கள், "உக்கோன்" என்று எழுதியிருக்கும். நம்ம மஞ்சள்தான். வேலை செய்கிறதோ இல்லையோ, ரசம் குடித்த ஆறுதல் கிடைக்கும்.

தூத்துக்குடி: டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது?

பதில்: கொடுக்காதீர்கள். மேஜையில் விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவில் ஓடிவந்து திருப்பித் தருவார்கள். கிளம்பும்போது "கொச்சிசோசமா" என்று சொல்லுங்கள், போதும். வழிகாட்டிக்கும் எதிர்பார்ப்பு கிடையாது. பிடித்திருந்தால் அவருக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுங்கள்.

சிங்கப்பூர்: எங்கள் ஊரில் இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்க முடியாது. டோக்கியோவில் டூர் முடிந்து தெருவில் ஒரு கேன் பியர் குடிக்கலாமா?

பதில்: பொதுவாக ஜப்பானில் அதற்குத் தடை கிடையாது. ஷிபுயா ஸ்டேஷனைச் சுற்றி மட்டும் 2024 அக்டோபரிலிருந்து மாலை ஆறு முதல் காலை ஐந்து வரை தெருவில் குடிக்கக் கூடாது, வருடம் முழுக்க. அபராதம் இல்லை, ஆனால் ரோந்து வருபவர்கள் கேனை வாங்கிக் கீழே கொட்டச் சொல்வார்கள். ஷிபுயாவுக்குப் போனால் தண்டவாளத்தை ஒட்டி நொன்பெய் யோகோச்சோ என்று ஒரு குட்டிச் சந்து இருக்கிறது, உள்ளே போய் உட்கார்ந்து குடியுங்கள்.

திருச்சி: டூர் முடிந்த மறுநாள் தனியாகப் போனால் எப்படிக் கடை தேர்ந்தெடுப்பது? ராத்திரி ஹோட்டலுக்கு எப்படித் திரும்புவது?

பதில்: ஏழு மணிக்கே போங்கள், ஒன்பதுக்கு மேல் எல்லாம் நிரம்பிவிடும். கதவு திறந்திருக்கும் கடை, கட்டணம் எழுதி ஒட்டியிருக்கும் கடை, உள்ளே இரண்டு நாற்காலியாவது காலியாக உள்ள கடை. வாசலில் நின்று எத்தனை பேர் என்று விரலைக் காட்டுங்கள், தலையாட்டினால் உள்ளே, கையைக் குறுக்கே காட்டினால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த கதவு. பெரிய பை எடுத்துப் போகாதீர்கள், வைக்க இடம் இருக்காது. ஒரு கடையில் ஒரு மணி நேரம், ஒன்றோ இரண்டோ கிளாஸ், காத்திருப்பவர்கள் எட்டிப் பார்த்தால் எழுந்துவிடுங்கள். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அட்டை வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன.

ரயில்கள் நள்ளிரவு பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் நின்றுவிடும், காலை நாலரை ஐந்துக்குத்தான் மறுபடி. உங்கள் தடத்தின் கடைசி ரயில் நேரத்தைப் பாருக்குள் போவதற்கு முன்னாலேயே பார்த்து வையுங்கள், உள்ளே போன பிறகு பார்க்கத் தோன்றாது. டாக்ஸிக்கு இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை 20 சதவீதம் கூடுதல். தெருவோரம் வாடகைக்கு நிற்கும் சைக்கிளையும் மின்சார ஸ்கூட்டரையும் தொடவே தொடாதீர்கள், 2024 நவம்பரிலிருந்து மூச்சில் அளவுக்கு மேல் ஆல்கஹாலோடு சைக்கிள் ஓட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். ரயிலை விட்டுவிட்டால் ஸ்டேஷன் பக்கத்தில் விடிய விடியத் திறந்திருக்கும் கரோக்கே கடைகள் உண்டு, சின்ன அறை எடுத்துச் சோபாவில் சாய்ந்துவிடுங்கள், டாக்ஸியைவிட மலிவாக முடியும்.